அரளித் தூள் அப்பிய சட்டை

என்னங்க, நீங்கள் மரக்கடையிலிருந்து வரும்வரை காத்திருக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாப்பாவுக்குக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது; டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன்.

"மாஸ்க் போட்டுட்டுத்தானே பட்டறையில அரளிக் கட்டையைக் கடையறேன்!" என்று நேற்று எகிறினீர்களே? மாஸ்க் உங்கள் மூக்குக்கு. அரளித் தூள் அப்பிய சட்டையோடு அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தது யார்?

சட்டையை வாளியில் ஊறவைத்திருக்கிறேன். சாப்பாடு மூடியிருக்கிறது. வெட்டி மிஞ்சிய அரளித் துண்டுகளை அடுப்பில் வைத்துவிடாதீர்கள், புகையும் விஷம். பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கோபம் வந்தால் வரட்டும்.

பி.கு.: வாசலில் நின்று அடம்பிடிக்கிறாள். "அப்பா தோள்லதான் தூங்குவேன்!" தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.