ஒரு துளி எச்சில், ஒரு மிடறு தண்ணீர்

அடி பருத்த அந்தப் பெருக்க மரம் பூத்திருக்கிறது. மாலையில் அதன் கீழே நின்றால் அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறுகிறது. "இதைப் போய்க் குடிக்க வருதே இந்த வௌவால்!" என்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வைதது காதில் விழுகிறது. இன்றைக்கும் வௌவால்கள் வந்தன. வெள்ளைப் பூவில் முகத்தைப் புதைத்துத் தேன் குடித்துவிட்டுப் போயின. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் போல எனக்கு இருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். உப்பு மூட்டை சுமந்த உன் சாம்பல் கழுதை ஒரு காலையில் வாயைத் திறந்தபடி நின்றது. எச்சில் ஒழுகியது, தண்ணீர் இறங்கவில்லை, கத்திய குரலும் அதன் குரலாக இல்லை. நம் ஊர் உப்புக்குளத்தில் கழுதை வைத்திருந்த எவரும் செய்கிறதைத்தான் நீயும் செய்தாய். தொண்டையில் பனந்தும்பு, பனை நார், சிக்கிவிட்டது என்று நினைத்து, நான் கயிறு போட்டுத் தாடையை விரித்துப் பிடிக்க, கையை உள்ளே விட்டுத் துழாவினாய். தும்பு எதுவும் இல்லை. மறுநாள் கழுதை செத்தது. அதன் பிறகுதான், முன்பு மீன்கடைப் பக்கம் வெறிபிடித்த ஒரு விசர் நாய் அதைக் கடித்தது நமக்கு நினைவு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். உப்பில் வெடித்த உன் விரல்களை டொக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுதை என்னைக் கடிக்கேல்லையே, ஐயா."

"கடிக்கத் தேவையில்லை. இந்த வெடிப்பில எச்சில் பட்டதே போதும். அது நரம்பு வழியா மெல்ல மெல்ல நடந்து மூளைக்குப் போகும். அங்க போய்ச் சேர்ந்தால் பிறகு மருந்தில்லை. அதுக்கு முதல் கொழும்பில ஊசி தொடங்க வேணும். இண்டைக்கே றெயில் ஏறுங்கோ."

உன் மனைவி அப்போது தலைப்பிள்ளைக்குச் சுமந்துகொண்டிருந்தாள். நான் மடியில் றெயிலுக்குக் காசு தேடினேன். நீயோ கையை உயர்த்திப் பார்த்து, "நடந்தா போகுது!" என்று வாயைப் பிளந்தாய். உனக்கு எப்போதும் ஆச்சரியம் முதலில் வரும், பயம் பின்னால்தான் வரும்.

றெயிலில் உன் முழங்கைக்கு மேல் துவாயால் இறுக்கிக் கட்டினேன், பாம்புக் கடிக்குக் கட்டுவது போல. அதில் ஒரு பயனும் இல்லை என்று பிறகு தெரிந்தது. மடு றோட்டைத் தாண்டும்போது நான் அந்தக் கோயில் மாதாவை மன்றாடினேன், நீ வாய்க்குள் ஓதினாய்.

மதவாச்சியில் வண்டி நின்றதும் கேட்டாய்: "மச்சான், நாங்கள் மதவாச்சிக்கு வந்திட்டம். அது எங்க வந்திருக்கும்?"

"மணிக்கட்டைத் தாண்டியிராது," என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

கொழும்பில் தொப்புளைச் சுற்றி நாள் தவறாமல் ஊசி. ஒருநாள் ஊசி போட்டவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: எங்கோ தூர தேசத்தில் இரத்தம் குடிக்கிற வௌவால் உண்டாம். தூங்குகிற மாட்டைச் சிறிதாகக் கீறி நக்கிக் குடிக்குமாம். மாடு விழிப்பதுகூட இல்லையாம். அந்த எச்சிலோடு இதே வியாதி மாட்டுக்குள்ளும் மனிதனுக்குள்ளும் இறங்கிவிடுமாம். நீ வயிற்று வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தாய்.

"சுப்ஹானல்லாஹ்! ஒரு துளி எச்சில்ல இவ்வளவா?"

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று, எவரிடமும் வழி கேட்காமல், விரல் நுனியிலிருந்து மூளைக்குப் போகிற பாதையை அறிந்து வைத்திருக்கிறது. நாயோ, கழுதையோ, வௌவாலோ, எதன் வாயிலிருந்து வந்தாலும் அதற்குப் பாதை ஒன்றுதான். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

ஊசி முடிந்தாலும் சில மாதம் பார்த்துத்தான் சொல்லலாம் என்று அனுப்பினார்கள். விசர் வந்தவனுக்குத் தண்ணீர் இறங்காது என்று நாம் கேள்விப்பட்டிருந்தோம். அதனால் விடிந்ததும் என் வாசலுக்கு வந்து செம்புத் தண்ணீர் கேட்பாய். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உன் தொண்டையையே பார்ப்பேன்.

"இறங்குதடா!" என்று சிரிப்பாய்.

மகன் பிறந்த காலையிலும் ஓடி வந்தாய். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லவே மறந்து, முதலில் தண்ணீரைத்தான் குடித்தாய்.

வயது போய் நீ கிடையில் விழுந்த கடைசி நாளில், அதே மகன் உன் வாயில் ஸம்ஸம் என்கிற புனிதத் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றினான். உன் தொண்டை அசைந்தது. எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத் தேடிப் பார்த்தாய். குரல் வரவில்லை. ஆனால் கண் சிரித்தது.

நான் தினமும் விடிந்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறேன். முதல் மிடறு உள்ளே போகும்போது ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறேன். பிறகு உன்னிடம் சொல்கிறேன்: "இறங்குதடா, மச்சான்."