தந்தையாரை நான்காம் மாடியிலிருந்து வெளியேற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஷவ்கி அப்துல் மவ்லா,
கட்டட உரிமையாளர்,
எண் 9, உப்புக்காரர் தெரு, அலெக்சாண்டிரியா.
(தபாலை மாடிப்படிக்குக் கீழுள்ள அறையில் கொடுக்கவும். மேலே கொடுக்க வேண்டாம்.)

பெறுநர்:
வட்டார நிர்வாகத் தலைவர் அவர்கள்,
அலெக்சாண்டிரியா.

பொருள்: என் கட்டடத்தில் பழைய வாடகைக்குக் குடியிருக்கும் என் தந்தையாரை வெளியேற்றித் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வாடகைக் கட்டடங்களை வாங்கி நிர்வகிப்பது என் தொழில். ஸ்மூஹா பகுதியில் இருந்த சொந்த வீட்டை ஈடு வைத்து, வங்கிக் கடனில் மேற்படி கட்டடத்தை வாங்கினேன். நான்கு மாடிகளிலும் பழைய வாடகைக்காரர்கள். வாடகையை ஏற்றவும் முடியாது, சாகும்வரை கிளப்பவும் முடியாது என்பது தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. வாங்குமுன் நான் தூணையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. படியேறும்போது மருந்து வாடை அடிக்கிறதா என்றுதான் பார்த்தேன். நன்றாகவே அடித்தது.

2. மூன்று வாடகைக்காரர்கள் காலாகாலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வீடுகளைப் பூட்டி வைத்தேன். முழுக் கட்டடமும் காலியானால் இடித்து உயர்த்திக் கட்டலாம் என்பது திட்டம். நான்காம் மாடியில் இருந்த விதவை, ஓய்வுபெற்ற தந்தி அலுவலர் திருமதி இன்ஸாஃப் மட்டும், இருதய நோய் இருந்தும், அசைவதாக இல்லை.

3. அவரைத் துன்புறுத்தியதாக அண்டை வீட்டார் சொல்வதை மறுக்கிறேன். லிப்டைப் பராமரிப்புக்காகத்தான் நிறுத்தினேன். பராமரிப்பு இன்னும் முடியவில்லை, அவ்வளவே.

4. காவலாளியை அனுப்பிவிட்டு, தாயார் மறைந்தபின் தனியாக இருந்த தந்தையாரைப் படிக்கட்டு அறையில் சம்பளத்துக்கு அமர்த்தினேன். என் வீட்டில் இடமில்லாமல் அல்ல. அவருடைய இருமல் என் மனைவிக்கு ஒத்துவரவில்லை. அவருக்கு வேலை ஒன்றுதான். மாலைதோறும் நான்காம் மாடிக் கதவைத் தட்டி, இன்ஸாஃப் அம்மாள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்து எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

5. "இருக்காங்கப்பா" என்று தினமும் சொன்னார். அவர் அதை மகிழ்ச்சியோடு சொன்னார் என்பதை நான் கவனிக்கத் தவறினேன். கதவோரம் நின்றவர் உள்ளே போய்த் தேநீர் குடித்திருக்கிறார். லிப்ட் ஓடாததால் அம்மாளுக்கு ரொட்டியும் மருந்தும் சுமந்திருக்கிறார். ரமலான் முடிந்ததும் இருவரும் முறைப்படி நிக்காஹ் செய்துகொண்டு, அவரும் மேலே குடியேறிவிட்டார். என்னிடம் மூச்சுவிடவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது ஐயா.

6. சென்ற குளிர்காலத்தில் அம்மாள் காலமானார். நான் பூட்டுக்காரனையும் அழைத்துக்கொண்டுதான் துக்கம் விசாரிக்கப் போனேன். கதவைத் திறந்தவர் என் தந்தையார். கையில் நிக்காஹ் பத்திரம். உடன் வசித்த கணவர் என்பதால் வாடகை உரிமை அவருக்கே என்று வழக்கறிஞரும் கைவிரித்துவிட்டார். மாத வாடகை பன்னிரண்டு பவுண்டு. ஒரு கிலோ இறைச்சி வராது. நான் வாங்க மறுத்ததால் நீதிமன்றத்தில் கட்டுகிறார், நான் கொடுத்த சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசிலிருந்து! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்.

7. தவணை தவறியதும் ஸ்மூஹா வீட்டையும் காலியாக இருந்த மூன்று மாடிகளையும் வங்கி எடுத்துக்கொண்டது. ஆள் குடியிருக்கும் நான்காம் மாடியை யார் வாங்குவார்கள் என்று என் தலையிலேயே கட்டிவிட்டது. மனைவி தாய்வீடு போய்விட்டாள். பெட்டியோடு நான்காம் மாடி ஏறி, ஓர் அறை கேட்டேன். பெற்ற தகப்பன் சொன்ன பதில் இது: "படிக்குக் கீழ ரூம் சும்மாதான் கிடக்கு. ஒரு ஆளுக்கு அது போதும்னு நீதானேடா சொன்ன?"

8. இப்போது மாலைதோறும் அவர் இறங்கி வந்து என் கதவைத் தட்டுகிறார். "இருக்கியாடா?" என்கிறார். பதில் சொன்னால் ரொட்டியை வாசலில் வைத்துவிட்டு ஏறிப் போகிறார். மானம் போகிறது. இருந்தும் ரொட்டியைத் தின்கிறேன். அவர் மூன்றாம் மாடியில் நின்று இருமுவது கீழே வரை கேட்கிறது.

எனவே, தந்தையாரை உடனடியாக வெளியேற்றி எனக்கு நீதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

சட்டம் அதற்கு இடம் தராவிடில், நான் நான்காம் மாடியில் அவருடனேயே வசித்து, அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் மகன் என்றாவது ஒரு சான்று வழங்கக் கோருகிறேன்; அவருக்குப் பின் அந்த வாடகை உரிமை வேறு யாருக்கும் போய்விடக் கூடாது. இருமல் நாளுக்கு நாள் மோசமாகி வருவதால், காலம் தாழ்த்தாமல் அருள வேண்டும்.

இடம்: படிக்கட்டு அறை, அலெக்சாண்டிரியா
நாள்: 9.12.1996

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ஷவ்கி அப்துல் மவ்லா