பத்து நிமிட நடை

லாவால்,
ஆகஸ்ட் 25, வியாழன்

அன்புள்ள பாபாவுக்கு, மகள் இல்ஹாம் எழுதுவது. சலாம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லார்பி மாமா விடுப்பு முடிந்து நாளை நீங்கள் இருக்கும் சுரங்கத்துக்குத் திரும்புகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாது. நான் உங்களோடு பேசும்போது அம்மா பக்கத்திலேயே நின்று, எல்லாம் நலம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே மிரட்டுகிறாள்.

நலமில்லை, பாபா.

அம்மா மொந்ரியால் பள்ளியை விட்டுவிட்டாள். விடவைத்தது நான். தினமும் இரண்டு பஸ், ஒரு மெட்ரோ என்று அலைகிறாளே என்று, நம் வீட்டருகே உள்ள பள்ளியில் ஆசிரியை வேலை காலி என்ற விளம்பரத்தைத் தேடி எடுத்தேன். "பத்து நிமிஷ நடைம்மா, மத்தியானம் வீட்டுக்கே வந்து சாப்பிடலாம்" என்றேன். விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன்.

இந்த மாகாணத்தில் ஆசிரியர்கள் தலைத்துணி கட்டக்கூடாது என்ற சட்டம் வந்தபோது அது அம்மாவைத் தொடவில்லை அல்லவா? முன்பே வேலையில் இருந்தவர்கள் கட்டலாம். ஆனால் அதே பள்ளி நிர்வாகத்தில், அதே வேலையில் இருக்கும்வரை மட்டும். ஷாம்பு பாட்டிலைக்கூட விடாமல் படிக்கும் நான் அந்த வரியைப் படிக்கவில்லை. மொந்ரியால் ஆற்றுக்கு அந்தப் பக்கம்; நாம் இருக்கும் இந்தப் பக்கம் வேறு நிர்வாகம். செவ்வாயன்று புதிய பள்ளியின் தலைமையாசிரியை மதாம் பெருபே அம்மாவைக் கூப்பிட்டு, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஜுலைக்கா. ஆனா திங்கக்கிழமை வகுப்புக்கு அதைக் கழட்டிட்டுத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டார். பழைய இடத்தில் வேறொருவரைப் போட்டாயிற்று.

அம்மா என்னைத் திட்டவே இல்லை. நான் அழுதபோது, "நீ என்ன வக்கீலாடி? போ, மூக்கைச் சிந்து" என்று சிரித்தாள். புதிய வகுப்பின் இருபத்தாறு பிள்ளைகளுக்கும் பெயரட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் வெட்டுகிறாள்.

இன்று காலை என் அறைக் கதவிடுக்கு வழியே அம்மாவைப் பார்த்தேன். திங்களுக்கு ஒத்திகை போல, தலையில் துணியில்லை. பையை மாட்டி, செருப்பும் போட்டு, வாசல் கதவின் பிடியில் கைவைத்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: பதினொரு நிமிடம். அதற்குள் பள்ளிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு, எனக்கு முட்டை பொரித்தாள்.

மசூதியில் ஒரு மாமி, "உசிரே போனாலும் கழட்டாதே" என்கிறார். மாடி வீட்டு அக்காவோ, "கழட்டினா குறைஞ்சா போயிடுவே?" என்கிறாள். உங்களுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஓடிவந்துவிடுவீர்கள் என்று அம்மா பயப்படுகிறாள். வராதீர்கள், பாபா. எதுவும் சொல்லவும் வேண்டாம். திங்கள் காலை ஏழரைக்குப் போன் மட்டும் செய்யுங்கள். அவள் காதில் வைக்கிறேன். தலையில் துணியோடு நின்றாலும் இல்லாமல் நின்றாலும், கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களைச் சுரங்கத்திலும் எங்களை வாசலிலும் காக்கட்டும்.

உங்கள் மகள்,
இல்ஹாம்