கீழே வைக்காத பெட்டி

பாய்,

நேற்று உங்கள் மகன் வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தார். நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிவிட்டதாம். தோல் அட்டை போட்ட உங்கள் சொந்த நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "அத்தா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு" என்றார். பிரித்ததும் பதனிட்ட தோலின் வாசனை. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாசனை. மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மலைக்கு பஸ் வராத காலம் அது. மலையடிவாரத்துச் சந்தவாசலில் கூடாரம் அடித்து, பூமி இழுக்கிற இழுப்பை அளக்க வந்தீர்கள். அய்யா ஒருவர், அவருக்குக் கணக்கு எழுத நீங்கள். அளக்கிற பெட்டி அசையாமல் மலையேற வேண்டும். அம்மன் திருவிழாவுக்கு முதல் குடம் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவருகிறவள் நான்தான் என்று ஊரில் சொன்னார்கள். என் தலையில் ஏற்றினீர்கள்.

எங்கள் எல்லைக்கல்லை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுமையோடு வருகிறவர்கள் எவரானாலும் அங்கே சுமையைக் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும். நான் குனியப் போனபோது தடுத்தீர்கள். "எறக்காத யம்மா. பச்சக் கொழந்தன்னு நெனச்சிக்கினு வா." உங்கள் பேச்சைக் கேட்டு, பிறந்ததிலிருந்து செய்யாத தப்பைச் செய்தேன். சாமிக்கல்லை நின்றபடியே தாண்டினேன்.

பாறை மேல் பெட்டியை வைத்துப் பார்த்தீர்கள். மேலே ஏற ஏற இழுப்பு குறையும், இவ்வளவுதான் குறையும் என்று அய்யாவின் புத்தகத்தில் கணக்கு உண்டாம். எங்கள் பாறையில் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. சாயங்காலம் கீழே இறங்கி, காலையில் கிளம்பும் முன் அளந்த இடத்திலேயே மறுபடி அளந்தீர்கள். பெட்டி எங்காவது விழுந்திருந்தால் காலை எண்ணும் மாலை எண்ணும் ஒத்துப் போகாது என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். இரண்டும் ஒத்துப் போயின. நீங்கள் சிரித்தீர்கள். நான் பார்த்தேன்.

அய்யா சிரிக்கவில்லை. "எங்க போட்ட?" என்றார்.

"எங்கயும் போடலீங்க. பாயக் கேளுங்க."

நீங்கள் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, தலையைத் தூக்கவே இல்லை. நான் போட்டுவிட்டேன் என்று எழுதி அனுப்பினீர்கள்.

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் மலையேறி ஊருக்குள் போய்விட்டது. எல்லைக்கல்லில் நான் சுமையை வைக்காததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சாமிக்கு இறக்காத சுமையைச் சாமியே தள்ளிவிட்டது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு கட்டினார்கள். அந்த வருஷம் முதல் குடம் என் நாத்தனார் தலைக்குப் போனது. அவள் வழியெல்லாம் சிந்தினாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு "பெட்டி போட்டவ" என்று பெயர் ஆயிற்று.

மூன்று வருஷம் கழித்து, பழைய ஆட்களில் நீங்கள் மட்டும் வந்தீர்கள். வேறு ஆட்கள், வேறு பெட்டி, வேறு தலை. எங்கள் பாறையில் அதே அளவு வந்ததாம். மலைக்கு அடியில் உள்ள கல் நினைத்ததைவிட லேசு என்று கணக்கையே திருத்தி எழுதுகிறார்களாம். களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். "நீ போடலம்மா. கல்லுதான் அப்டி."

"எனக்குத் தெரியாதா? ஊர்ப் பெரியவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

"கீழ ஜீப்பு காத்துக்கினு கீது."

பெரியவர் வீடு அங்கிருந்து பத்து வீடு தள்ளி. அந்தப் பத்து வீட்டை நீங்கள் நடக்கவில்லை.

புத்தகத்துக்கு ஒவ்வாத எண் வந்தால் முதலில் பெட்டியைச் சந்தேகப்படுவது நியாயம்தான். சுமந்தவளையும் சந்தேகப்படலாம், அதிலும் எனக்குக் குறையில்லை. இன்னொரு தலையில் ஏற்றி மறுநாளே பார்த்திருக்கலாமே? புத்தகத்தைத் தொட மூன்று வருஷம் யோசித்தார்கள். என்னை எழுத ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. பிறகு புத்தகத்தைத் திருத்தினார்கள், என்னைப் பற்றி எழுதிய வரியைத் திருத்தவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நோட்டில் காலை எண்ணும் மாலை எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கீழே உங்கள் கையெழுத்து: 'பெட்டி விழவில்லை. அய்யா சொன்னபடி விழுந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.' இதை நான் யாரிடம் காட்டுவேன்? பெரியவர் இல்லை. நாத்தனாரும் இல்லை. என் பேத்தியைக்கூட "பெட்டி போட்டவ பேத்தி" என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஏன் என்று தெரியாமலே.

ஒரு தடவை பார்த்ததை நம்பாதே என்று சொல்வீர்கள். அதை மட்டும் இன்றைக்கும் விடவில்லை. கோழி காணவில்லை என்றாலும் மூன்று முறை எண்ணாமல் யாரையும் கேட்க மாட்டேன். உங்களையும் அப்படித்தான் பார்த்தேன், பாய். நேற்று மாலை நோட்டைப் படித்தேன். இன்று காலை படித்தேன். எல்லைக்கல் வரை நடந்துபோய், அங்கே உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

மூன்று தடவையும் கோபம் அதே அளவுதான் வருகிறது.