மன்னார்ப் பெட்டிக்குள் புல்வெட்டி

மே 12, செவ்வாய்

பழைய பெற்றோல் புல்வெட்டியை உடைக்கக் கொடுத்தால், பற்றரியில் ஓடும் புதியதை வாங்க நகரசபை பாதிக் காசு தருகிறது. இங்கே வெஸ்ட்லி நகரில் எங்கள் மாடிக் குடியிருப்புக் கூட்டத்தில் இதற்காக ஒற்றைக் காலில் நின்றவன் நான்தான். கீழ்வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு, புல்லு வெட்டும்போதெல்லாம் புகை அந்தப் பிள்ளையின் அறைக்குள்தான் போகிறது என்று சொன்னேன். எல்லோரும் கை உயர்த்தினார்கள். குடியிருப்பின் பழைய மெசினைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது.

இன்று மத்தியானம் கடைசியாக ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. உடைக்க மனம் வரவில்லை. எண்ணெயை வடித்து, கைபிடியைக் கழற்றி, மன்னாரில் இருக்கும் அக்காவுக்குக் கப்பலில் அனுப்பும் பெட்டிக்குள் வைத்தேன். யாரும் கேட்கப்போவதில்லை. உடைக்கக் கொடுத்தாயிற்று என்று நகரசபைத் தாளில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

சைக்கிள் எடுக்க நிலவறைக்கு வந்த மகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இது உடைக்கிற மெசினெல்லோ?”

“ஓம் பிள்ளை. நல்லா ஓடுது. அங்கை மாமிக்கு உதவும்.”

புல்வெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததை அவள் தொட்டாள். அக்காவின் இழுப்புக்கென்று நான் வாங்கிய, மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்கும் நெபுலைசர்.

“ரெண்டையும் ஒண்டாவோ அனுப்பப் போறீங்கள்?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரவாகிவிட்டது. பெட்டியை இன்னும் ஒட்டவில்லை. மெசினை வெளியே எடுக்கவும் இல்லை. கையெழுத்துப் போடவேண்டிய தாள் முன்னால் கிடக்கிறது. பேனையை இந்த நாட்குறிப்புக் கொப்பியில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.