கேட்வே வரைக்கும் பதில் வருகிறது

03.03.2014, திங்கள்

நைட் ஷிப்ட் வாரம். சிவா காலையில் மைன்ஸிலிருந்து வந்து, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தாயிற்று. இனி சாயந்திரம் வரை குவார்ட்டர்ஸில் சத்தம் கூடாது. காலிங் பெல்லை அணைத்தேன். டெலிபோன் ஒயரைப் பிடுங்கினேன். கல்யாணமான இந்த ஒன்றரை வருஷத்தில் கை தானாகச் செய்கிறது.

பெங்களூர் கம்பெனிக்காரர்கள் வியாழன் வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக நானே முதலிலிருந்து கட்டிய லினக்ஸ் சிஸ்டம், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட வேண்டும். அதிலிருந்தே அவர்கள் சர்வருக்கு ஒரு ஃபைல் போக வேண்டும். போனால் வீட்டிலிருந்தே வேலை. சென்னை வேலையை விட்டு வந்த பிறகு வந்த ஒரே வாய்ப்பு இது.

சிஸ்டம் எழுந்துவிட்டது. நெட்தான் இல்லை.

04.03.2014, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! சிஸ்டத்தின் மையமான கர்னலில் நெட்வொர்க் கார்டுக்கான டிரைவரையே சேர்க்கவில்லை. அறிவுகெட்ட வேலை. மறுபடி கம்பைல் செய்ததும் கார்டு தெரிந்தது, ஐ.பி.யும் வந்தது. பிங் போட்டுக் கூப்பிட்டால், வெளியே போகும் வாசலான கேட்வே பதில் சொல்கிறது. அதைத் தாண்டி — ஒன்றுமில்லை.

எதிர்வீட்டுத் தனபாக்கியம் அக்கா உறைமோர் வாங்க வந்தார்.

"பகல் பூரா கம்ப்யூட்டர்ல என்னம்மா பண்ணிக்கினு இருக்கே?"

"லினக்ஸ் கட்டறேங்க்கா."

"கட்டு, கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

05.03.2014, புதன்

டி.என்.எஸ். ஃபைலைத் திருத்தித் திருத்தி எழுதினேன். ரூட் சரி. இன்றும் கேட்வேயோடு சரி.

சிவா எழுந்ததும், "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். டிபன் பாக்ஸ் எங்கே என்று கேட்டார். அவர் விழித்திருக்கும்போது நான் அடுக்களையில். நான் சும்மா இருக்கும்போது அவர் தூக்கத்தில். பேச ஆளில்லாம பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு.

06.03.2014, வியாழன்

கடைசி நாள். வேறு வழி தேடலாமென்று விண்டோஸில் பிரவுசரைத் திறந்தேன். அதுவும் திறக்கவில்லை. மோடத்தில் விளக்கு இல்லை.

டெலிபோன் ஒயர்! நெட்டும் அதில்தானே வருகிறது. நான்தானே தினமும் காலையில் பிடுங்குகிறேன். சாயந்திரம் சொருகும்போது கம்ப்யூட்டரைத் தொட நேரமிருப்பதில்லை. இத்தனை நாள் பதில் சொன்ன கேட்வே, விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருப்பது. வெளியே லைனே இல்லாவிட்டாலும் அது பதில் சொல்லும்.

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. எதையும் என் தப்பாகவே ஏன் தேடுகிறேன்? நான் கட்டினது நல்லாத்தானே இருக்கு!

சொருகினேன். ஃபைல் போனது.

07.03.2014, வெள்ளி

பதில் இல்லை.

08.03.2014, சனி

இன்று ஒயரைப் பிடுங்கவில்லை. வேண்டுமென்றேதான். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் நிற்காததால் லேண்ட்லைன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

துணி அலசும்போது மணி அடித்தது. ஈரக்கையோடு ஓடி வருவதற்குள் சிவா எழுந்து ரிசீவரை எடுத்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"பெங்களூர்லேருந்து. உனக்குத்தான்."

திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள். பேசிவிட்டுத் திரும்பினால், அவர் படுக்கப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னமோ கட்டுனியாமே அகிலா. என்னது அது?"

முதலிலிருந்து சொன்னேன். கர்னல் வரைக்கும் கேட்டார். அப்புறம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.