சீலனுக்கு ஒரு கிண்ணம்

அக்கா,

இன்று காலை குசினிக்குள் போனபோது ஊறிய கடலையின் மணம் வந்தது. இரவு ஊறப்போட்டது நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடி கொடுத்தது போக மிஞ்சிய கடலையும் பயறும் அது. ஆனாலும் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் அம்மா வீட்டில் கடலை ஊறினால் அது வெள்ளிக்கிழமைப் பிள்ளையாருக்கு. எனக்கு அந்த மணம் பிள்ளையாரை விட்டுக் கனகாலம் ஆகிவிட்டது. இப்போது அது உங்களுடைய மணம். வெளியே ரொறன்ரோவின் டோர்செட் பார்க் முழுக்கப் பங்குனி மாதத்து அழுக்குப் பனி. பன்னிரண்டாம் மாடி யன்னலடியில் கதிரையை இழுத்துப்போட்டு உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். எங்கே தபாலில் போடுவது என்று கேட்காதீர்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று தை மாதத்தில் போன் வந்தது. இத்தாலியில் உங்களுக்குப் பக்கத்துப் பட்டணத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெடியன் ஒருவன்தான் எடுத்தான். "அக்கா போட்டா. நெஞ்சுவருத்தம். அந்த ஊர்ச் சவக்காலையிலேயே அடக்கம் செய்தாச்சு" என்றான். நான் அழவில்லை. வேலைக்குப் போய் எட்டு மணித்தியாலம் சான்ட்விச்சுக்குச் சீஸ் வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கு ரிசூப் பேப்பர் நீட்டினாள். அப்போதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது.

ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லி என்னை இத்தாலியில் இறக்கிவிட்டுப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அந்த மலையூருக்கு நான் வந்து சேர்ந்த நாளில் நீங்கள் வாசலில் நின்று என் பையை வாங்கினீர்கள். "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டீர்கள். கோண்டாவில் என்றேன். "நான் மன்னார். இனி ரெண்டு பேருக்கும் இந்த ஊர்தான்" என்றீர்கள். படுக்கையோடு கிடந்த வீட்டுக்கார அம்மா சினியோராவைத் தூக்கவும் குளிப்பாட்டவும் ஒருவரால் முடியாது என்று, நீங்களே அவவிடம் மன்றாடி எடுத்துத் தந்த வேலை அது. அவவின் ஒரே மகன் கனடாவில் இருந்தான். அந்த ஊரில் பாதிச் சனம் ரொறன்ரோவில்தான் இருந்தது.

என்ன ஊர் அது! தின்கிற சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு திருவிழா. நாங்கள் இருந்த மலையில் சொசேஜுக்கு, எதிர்மலையில் மரக்கொட்டைக்கு, கீழே கடற்கரையில் சிவப்பு வெங்காயத்துக்கு. மேளம், பாண்ட் வாத்தியம், சோடனை, சாமி தூக்குதல் எல்லாம் உண்டு. நீங்கள் வேதக்காரி, நான் சைவக்காரி. இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. "இவங்கள் விட்டா வெண்டிக்காய்க்கும் கொடியேத்துவாங்களடி" என்பீர்கள். ஆனால் எந்த ஊரில் என்ன திருவிழா என்றாலும் முதலில் சட்டை மாற்றி நிற்பதும் நீங்கள்தான். "ஊரோட ஒத்து வாழ் எண்டு சும்மாவே சொன்னவை" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவீர்கள்.

பங்குனியில் வருவது மட்டும் வேறு மாதிரி. சூசையப்பர் திருநாளுக்கு முதல்நாள் நாலைந்து பெண்கள் சாக்கோடு வீடு வீடாக வந்தார்கள். கடலை, பருப்பு, பயறு, பெரிய அவரைக்கொட்டை, எது இருக்கிறதோ அதில் ஒரு பிடி. எல்லா வீட்டுப் பிடியையும் ஒன்றாக ஊறவைத்து, மறுநாள் கோயில் முற்றத்தில் பெரிய கிடாரங்களில் அவிப்பார்கள். வீட்டுக்கு ஒரு பிடி, அதோடு வெளியூரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி. திருநாளன்று அந்த வெளியூர்க்காரரின் பெயரில் ஒரு கிண்ணம் நிரப்புவார்கள். வேறு வீட்டு ஆள் ஒருவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. கிண்ணம் காலியானால் அவன் அங்கே பசி கிடக்க மாட்டான் என்று சினியோரா எங்களுக்குச் சொன்னா. செத்தவர்களுக்குக் கிண்ணம் கிடையாது. சாவுச் செய்தி வந்த வருடத்தோடு அந்தப் பிடி நின்றுவிடும்.

அந்த முதல் பங்குனியில் சினியோரா இரண்டு பிடி போட்டா, ஒன்று மகனுக்கு. சாக்குக்காரிகள் திரும்பப் போனார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை, நாங்கள் வேலைக்கு நிற்கிறவர்கள்தானே. நீங்கள் அறைக்குள் ஓடிப்போய்ப் பயற்றுப் பேணியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களைப் படியில் மறித்தீர்கள். இரண்டு பிடி போட்டீர்கள். ஒன்று நமக்கு, மற்றது சீலனுக்கு.

தங்கச்சியிடம் விட்டுவந்த உங்கள் மகன் சீலன். பத்தொன்பது வயது. சண்டை திரும்பவும் தொடங்கிச் சனம் எல்லாம் மன்னாரை விட்டு வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடியபோது, உங்கள் தங்கச்சி குடும்பத்தோடு கரைவரைக்கும் வந்தவன். "சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த வள்ளத்தில வாறன் சின்னம்மா" என்று திரும்பிப் போனவன். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவனைக் கூப்பிடத்தான் நீங்கள் அந்த ஊரில் கிழவியின் மலச்சட்டி கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. நீங்கள் ஆவி பறக்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"பிள்ளை, நீ வேற வீடு. சீலன் எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடு."

நான் பின்னால் நகர்ந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிச் சாப்பாடு வைப்பது செத்தவீட்டு எட்டுக்கும் அந்தியேட்டிக்கும்தான். அது எனக்கு ஊறிப்போன வழக்கம். நான் அதோடு நின்றிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகச் சொன்னதுதான்.

"என்னக்கா செய்யிறியள்? பேர் சொல்லிப் படைக்கிறது செத்த ஆக்களுக்கெல்லோ! நான் சாப்பிட மாட்டன்."

உங்கள் முகத்தை நான் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. கோபம் இல்லை. கன்னத்தில் அடி வாங்கிய குழந்தை அழுவதற்கு முதல் ஒரு கணம் முழிக்குமே, அப்படி. ஒன்றரை வருடமாக ஒருவரும் உங்களுக்கு முன்னால் சொல்லத் துணியாத சொல்லை நான் ஒரு கிண்ணப் பயற்றுக்காகச் சொல்லிவிட்டேன்.

சக்கரக் கதிரையில் இருந்த சினியோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையை நீட்டினா. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சீலானோ" என்று முற்றம் முழுக்கக் கேட்கச் சொன்னா. தண்ணீர் விழுங்கவே கஷ்டப்படுகிற மனுசி, கரண்டி கரண்டியாக அரை மணித்தியாலம் இருந்து அடிமட்டும் சாப்பிட்டா. நீங்கள் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவவின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். நான் கைகட்டி நின்றேன்.

பிறகு கிண்ணம் கழுவும்போது நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். "நீ உன்ர ஊர் முறையைச் சொன்னாய். அதில பிழையில்லை." அவ்வளவுதான். ஆனால் அடுத்த பங்குனியில் என்னைக் கேட்கவில்லை. கடிதம் கொண்டுவரும் மனுசனைத் தேடிப்போய்ச் சீலனின் கிண்ணத்தைக் கொடுத்தீர்கள். நான் அருகில்தான் நின்றேன். கேட்டிருந்தால் சாப்பிட்டிருப்பேன் அக்கா. கேட்கட்டும் என்று வீம்பில் நின்றேன்.

அந்த வருடமே எனக்குக் கனடாவில் கலியாணம் பொருந்தியது. பஸ்ஸடியில் என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, "இனி உனக்கும் ஒரு பிடி போடுவன், நீயும் வெளியூர்க்காரியல்லோ" என்றீர்கள். நான் பகிடி என்று நினைத்து, "ஐயோ எனக்குப் போடாதேங்கோ, நான் இன்னும் சாகேல்லை" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பஸ் இரண்டாவது வளைவு திரும்பிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ஒரு முறை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

இங்கே வந்து போன் கார்ட் வாங்கி எடுப்பேன். சுகம் விசாரித்து முடிப்பதற்குள் உங்கள் கேள்வி வந்துவிடும். "ரொறன்ரோவில எல்லாச் சனமும் இருக்காம். மன்னார் ஆக்கள் ஆரையும் கண்டனியே? அவனைப் பற்றிக் கேட்டனியே?"

முதல் வருடம் உண்மையாகவே கேட்டேன். தமிழ்க் கடைகளில், பிக்கரிங்கில் ஒரு சாமத்தியவீட்டுக் கொண்டாட்டத்தில், மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வந்தவர்களிடம். ஒருவர் "எந்தச் சீலன்? அந்த நேரம் எத்தினை பெடியள் காணாமல் போனவங்கள் தங்கச்சி" என்றார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போயிருந்தார். அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும்போதெல்லாம் "ஓமக்கா, விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றேன். ஐந்து வருடம் சொன்னேன். பிள்ளை பிறந்தது, வேலை மாறியது, மெல்ல மெல்லப் போனும் குறைந்தது. பொய் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எடுக்காமல் விட்டேன். உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். இப்போது சொல்கிறேன், என்னை ஏசவாவது நீங்கள் இல்லை.

சினியோராவின் மகன் இங்கே தன் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மேற்குப் பக்கத்துக் கோயில் ஒன்றின் பேஸ்மென்றில் வருடா வருடம் அதே பயற்றுக் கிடாரம் வைக்கிறார். தாய் உயிரோடு இருந்த காலத்திலேயே என் நம்பரை வாங்கி என்னை வரச்சொல்லுவார். ஒவ்வொரு முறையும் வேலை, குளிர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு சாட்டு வைத்திருந்தேன். இந்த முறை நானே போன் எடுத்தேன்.

"அவரைக்கொட்டைக்கு ஒரு திருவிழாவோ? உமக்கு என்ன நடந்தது?" என்றார் என்ர மனுசன். ஆனாலும் காரை எடுத்தார். ஐந்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

வாசலிலேயே சினியோராவின் மகன் என் பெயரைச் சொல்லி வரவேற்றார், ஒரு எழுத்துப் பிசகாமல். இந்த நாட்டில் என் பெயரை ஒழுங்காகச் சொன்ன முதல் வெள்ளைக்காரன். எப்படி என்று கேட்டேன்.

"போன வருடம் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன்" என்று இத்தாலியனில் சொன்னார். "அம்மா செத்த பிறகும் எங்கள் வீட்டை உங்கள் அக்காதான் பார்த்தா. மூன்று பிடி போட்டா. வீட்டுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உங்கள் கிண்ணத்தை என்னிடம் தந்தா. பெயரைச் சரியாகச் சொல்லும்வரை சாப்பிட விடவில்லை. ஏழு தடவை சொல்லவைத்தா."

அக்கா, நான் வேண்டாம் என்றேனே. நான் பொய் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பங்குனியும் நீங்கள் எனக்கு ஒரு பிடி போட்டிருக்கிறீர்கள். நான் இங்கே பட்டினி கிடக்கக் கூடாது என்று யாரையோ பிடித்துச் சாப்பிட வைத்திருக்கிறீர்கள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து அழுதேன். மனுசன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

முதியவள் ஒருத்தி சாக்கோடு வந்தாள். இங்கே ஞாயிறு ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கிறார்கள். கிடாரம் ஏற்கனவே அவிந்துவிட்டதால் இந்தப் பிடி அடுத்த சமையலுக்கு. எங்கள் வீட்டுக்கு ஒரு பிடி போட்டேன். "வெளியூரில் யார்?" என்று கேட்டாள். உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அந்த ஊர் முறையில் உங்களுக்கு இனிக் கிண்ணம் இல்லை. எங்கள் முறையில் உண்டு. உங்களுக்கு நான் என் வீட்டில் இலை போட்டுக்கொள்கிறேன்.

"சீலன்" என்றேன்.

"எங்கே இருக்கிறான்?"

"தெரியாது."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். அந்த ஊரில் அவளுக்கும் எத்தனை பேர் கப்பலேறிச் சேதியில்லாமல் போனார்களோ. சாக்கை விரித்துப் பிடித்தாள்.

கிண்ணம் வந்தது. கடலை, பருப்பு, தோல் உரிந்த அவரைக்கொட்டை, மேலே ஒலிவ் எண்ணெய். நான் உங்களுக்கு வேற வீடுதானே அக்கா, நீங்களே சொன்னது. எழுந்து நின்று அவன் பெயரைச் சொன்னேன். முதல் முறை பக்கத்து மேசைக்குத்தான் கேட்டது. இரண்டாம் முறை பேஸ்மென்ற் முழுக்கக் கேட்டது.

மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, ஹூ இஸ் சீலன்?"

"உனக்கு அண்ணா."

"அவர் எங்க?"

"வாறன் எண்டு சொன்னவர். இன்னும் வரேல்லை."

திரும்பிப் போகும்போது தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலுக்குக் காரை ஒருக்கா விடச் சொன்னேன். வாசலில் நின்று மன்னார் ஆக்கள் என்று தெரிந்தவர்களை எல்லாம் மறித்துக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் போவேன். இனி யாராவது களைத்துப்போய்ப் பதில் சொன்னாலும் கேட்பேன்.

அதற்கு முதல் அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிறையப் போட்டுவிட்டார்கள், பாதியில் கரண்டி நின்றது. அப்போது உங்கள் சினியோராவை நினைத்தேன். மெல்ல மெல்லச் சாப்பிட்டேன். அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன்.

இந்த வருடம் உங்கள் பிள்ளை பட்டினி இல்லை, அக்கா.